ஏழரை மணி நேரம்

வெளிநாட்டில் இறந்தவரின் உடலைக் கேட்டு வரும் மனுவை, வந்த அன்றே மேலிடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. நான் பெரம்பலூர் கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில் அந்த விதியை ஒருவரும் தொட்டதில்லை. அதனால் இன்னும் புதிதாகவே இருக்கிறது.

ஓய்வூதிய வேலையாகப் போன ஒரு நாள் அங்கே அவரைப் பார்த்தேன். லப்பைக்குடிக்காட்டுக் கறிக்கடைக்காரர். தடித்த கழுத்து, சிவந்த கண்கள். வலது முஷ்டியை இடது உள்ளங்கையில் அரைத்துக்கொண்டே நின்றார். ரியாத்தில் ஒரு தகராறில் அவருடைய தம்பியைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். உடல் அங்கே பிணவறையில் கிடந்தது. மனு இங்கே மேசையில் கிடந்தது.

"தூரம் அதிகம் பாய், லேட்டாத்தான் ஆவும்" என்றார் எழுத்தர்.

முஷ்டி இறங்கியது. மேசைக் கண்ணாடி நொறுங்கி, கோப்புகளெல்லாம் ரத்தம். அந்தக் கையாலேயே எழுத்தரின் காலரைப் பிடித்துத் தூக்கினார்.

"ராத்திரி பன்னெண்டுக்கு அங்க பிளேன் ஏறுனா காலையில ஏழரைக்குத் திருச்சிடா! ஏழரை மணி நேரத்துல வர்றவனுக்கு எத்தன மாசம்டா?"

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏழரை இல்லீங்க பாய். நம்ம கடிகாரம் ரெண்டரை மணி முன்னால ஓடுது. பயணம் அஞ்சே மணி நேரந்தான்."

அவர் காலரை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். "அவ்வளவு கிட்டவா சார் கெடக்குறான்?"

கடைசியில் ரியாத்திலேயே அடக்கம் செய்யக் குடும்பம் சம்மதித்தது. மனு மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற பதில், அவர் வீட்டில் தம்பிக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிய வியாழக்கிழமை வந்து சேர்ந்தது.