ஓரக்கல்லில் மூன்று நிறம்

நேற்று இங்கே சத்வா வட்டாரத்தில் நடைபாதை ஓரக்கற்களுக்குக் கறுப்பு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். தின்னர் வாசனை மூக்கில் ஏறியதும், பசியோடு ஓட்டலுக்குப் போய்க்கொண்டிருந்தவன் நின்றுவிட்டேன். நானும் பெயிண்டராக இருந்தவன்தான். வளைகுடாவில் நான் பார்க்காத வேலை குறைவு, எதிலும் நிலைத்ததில்லை. அதை விடுங்கள்.

பெயிண்டராக இருந்தபோது சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து ஒரு கட்டட சைட்டுக்குப் போய்வந்தேன். அங்கே பேட்ரிக், பில்லி என்று இரண்டு சூப்பர்வைசர்கள். இருவருக்கும் வட அயர்லாந்தில் ஒரே ஊர், பெல்ஃபாஸ்ட். பேட்ரிக் கத்தோலிக்கர், இங்கிலாந்து வேண்டாம் என்ற தரப்பு; பில்லி புராட்டஸ்டன்ட், இங்கிலாந்தோடுதான் என்ற தரப்பு. அந்த இரண்டு தரப்பும் வருடக்கணக்காகக் குண்டு வைத்துச் செத்துக்கொண்டிருந்தன. சமாதானப் பேச்சு நடக்கிறது என்று ரேடியோ சொல்லும். இருவரும் ஒரே ஆபீஸ் கேபினில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஒன்பதாவதோடு நின்ற எனக்கு அயர்லாந்து என்றால் இங்கிலாந்தில் ஒரு ஜில்லா.

எங்கள் மேஸ்திரி சுடலைமுத்து அண்ணனுக்கும் அதே ஞானம்தான். முதலாளி வருகிறார், கேபின் வாசல் ஓரக்கல்லுக்குப் பெயிண்ட் அடியுங்கள் என்று உத்தரவு. தீயணைப்புக் குழாய்க்கு அடித்த சிவப்பும், தண்ணீர்த் தொட்டிக்கு அடித்த நீலமும் மீதி இருந்தன.

"கருப்பு எதுக்குலே? செவப்பு, வெள்ள, நீலம்னு அடி. வெள்ளக்காரன் கொடி கலரு. ரெண்டு பேரும் குளுந்துருவானுவ."

மறுநாள் பேட்ரிக் வந்தார். கற்களைப் பார்த்து அப்படியே நின்றார். "நீயா?" என்று பில்லியிடம் கேட்டார். பில்லி இல்லையென்று தலையாட்டினார்.

"வீ பெயிண்ட் சார். பில்லி சார் நோ, மாஃபி" என்றேன், தெரிந்த இங்கிலீஷ், அரபி எல்லாம் சேர்த்து.

அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாயப் பொத்துலே, விசாவ கேன்சல் பண்ணி பிளேன்ல ஏத்திருவான்."

பேட்ரிக் என் பக்கம் திரும்பவேயில்லை. "நல்லா சொல்லிக்கொடுத்திருக்கே" என்று பில்லியிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

மத்தியான வெயிலில் பில்லி சாம்பல் பெயிண்டோடு மண்டியிட்டார். பிரஷைக் கேட்டேன், தரவில்லை. அடித்துக்கொண்டே அவர் சொன்னதில் பாதிதான் விளங்கியது. பில்லியின் தரப்புத் தெருக்களில் ஓரக்கல்லுக்கு இந்த மூன்று நிறம்தானாம். பேட்ரிக்கின் தம்பியை அப்படியொரு தெருவில்தான் சுட்டார்களாம்.

அந்த வாரமே பேட்ரிக் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கத்தார் சைட்டுக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நாளில், சமாதான ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று ரேடியோ சொன்னது. நான் கேபினில் தண்ணீர்க் கேன் மாற்றிக்கொண்டிருந்தேன். பில்லி எழுந்து நின்றார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னிடம், "கேட்டியா?" என்றார்.

"எஸ் சார்" என்றேன். வேறு யாரும் இல்லையே.

சைட் முடிந்ததும் கேபினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே இப்போது கார்கள் நிற்கின்றன. அப்புறமாவது அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டார்களா என்று விசாரிக்க, அந்த சைட்டில் வேலை பார்த்த ஓர் ஆள்கூட இன்று இந்த ஊரில் இல்லை.