முனீஸ்வரியின் 'ஒற்று'ம் மூன்று கணினிகளும்

மதுரை ஆனையூரில் குடியிருக்கும் முனீஸ்வரிக்குப் பிழை என்றால் ஆகாது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் பல வருடம் பிழை திருத்தியவர். 'திருமண பத்திரிகை' என்று யாராவது எழுதிக் கொடுத்தால், நடுவில் ஒரு 'ப்' வைக்க மனமில்லாத அந்த ஆளை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்கத் தோன்றும் அவருக்கு. மகள் பிறந்த பிறகு வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். கற்ற கையோடு அந்த எரிச்சலுக்கும் ஒரு வழி செய்தார். இணைய உலாவியில் தமிழில் தட்டச்சு செய்யும்போது ஒற்றெழுத்து விட்டுப்போன இடத்தில் சிவப்புக் கோடு போடும் ஒரு நீட்சி, அதாவது உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சின்னச் செயலி. பெயரும் 'ஒற்று' தான்.

ஆசிரியர்கள், டிடிபி கடைக்காரர்கள், நிருபர்கள் என்று பலரும் அதை இறக்கிக்கொண்டார்கள். சொற்பட்டியலைப் பெரிதாக்கிப் புதிய பதிப்பு அனுப்பியபோதுதான் வினை வந்தது.

நீட்சிகளைச் சரிபார்த்து வெளியிடும் தளம், அவருடைய மூலநிரலையும் கேட்டது. அதைத் தங்கள் கணினியில் பில்ட் செய்து, அதாவது அதிலிருந்து நீட்சிக் கோப்பைத் தாங்களே உருவாக்கிப் பார்ப்பார்கள். முனீஸ்வரி அனுப்பிய கோப்பும் அவர்களுக்குக் கிடைப்பதும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பதில் வந்தது: பில்ட் ஆகவில்லை. பிரச்சினை தீரும்வரை பழைய பதிப்பும் நிறுத்தி வைக்கப்படுகிறது.

"ஒன் கம்ப்யூட்டர்ல ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார் கணவர் பாண்டியராஜன். தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவர்.

"அதுக்கு என் கம்ப்யூட்டரையா பார்சல் பண்ணி அனுப்பச் சொல்றீங்க?"

முனீஸ்வரியிடம் இருந்தது விண்டோஸ். சரிபார்த்தவர் வைத்திருந்தது லினக்ஸ். பாண்டியராஜனின் பழைய மடிக்கணினியைப் பிடுங்கி அதில் லினக்ஸ் ஏற்றிப் பார்த்தார். அங்கேயும் நின்றது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதில் தெரிந்தது, ஒரு கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. நிரலுக்குள் அதையே சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறார். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டுவிடும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு.

ஊரார் பிழையைத் திருத்துகிறவருக்கு இது பெரிய அவமானம். யாரிடமும் சொல்லாமல் திருத்தி அனுப்பினார்.

மறுபடியும் மறுப்பு. இந்த முறை பார்த்தவர் வேறொருவர். அவர் வைத்திருந்தது ஆப்பிளின் மேக்.

"ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வச்சுக்கிட்டு எம் உசுர எடுக்குறாங்க," என்று முனீஸ்வரி கத்தியதில் மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவருக்குத் தெரிந்து மேக் வைத்திருந்தது ஒரே ஒருவர். உசிலம்பட்டியில் ஸ்டுடியோ நடத்தும் ஜெயபாண்டி. கல்யாண வீடியோவும் பத்திரிகை வடிவமைப்பும் செய்பவர். நீட்சி நின்றதிலிருந்து தினமும் போன் போட்டு, "அக்கா, எப்பக்கா வரும்?" என்று கேட்டு அவரும் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒன் மேக் எனக்கு வேணும். நாளைக்கு வாரேன்."

"வாங்கக்கா. ஆனா அது பழசு, பாத்துக்கங்க."

அரப்பாளையத்தில் பஸ் ஏறினார். செக்கானூரணி வரை நின்றுகொண்டே போனார். உசிலம்பட்டியில் இறங்கினால் சந்தைக்கு வந்த மாடுகள் ரோட்டை மறித்து நின்றன. ஸ்டுடியோவுக்குள் நுழைந்தால் ஜெயபாண்டி தலையைச் சொறிந்தார்.

"அக்கா, காதுகுத்து வீடியோ ஒண்ணு ரெண்டரிங் ஓடிக்கிட்டு இருக்கு. இப்பத் தொட்டா அம்புட்டும் போயிரும்."

"காலையிலயே சொல்ல மாட்டியா நீ?"

"முடிஞ்சிரும்னு நெனச்சேன்க்கா."

யாரோ ஒரு குழந்தை திரையில் வாய் பிளந்து அழுதுகொண்டே இருந்தது. முனீஸ்வரிக்கும் அப்படி அழலாம் போலிருந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கணினி கைக்கு வந்தது. நிரலை ஏற்றி ஓட்டினார். உடனே நின்றது. 'சொல்' என்ற கோப்பு இல்லை என்றது.

சொற்பட்டியல் கோப்புகளுக்கு அவர் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். 'சொல்' அதில் ஒன்று. திரையில் பக்கத்திலேயே அந்தக் கோப்பு பளிச்சென்று தெரிந்தது.

"இந்தா இருக்கேக்கா! கண்ணு முன்னாடி இருக்குறத இல்லங்குது, என்ன மிஷின் இது?" ஜெயபாண்டிக்கே கோபம் வந்துவிட்டது.

முனீஸ்வரி பெயரை அழித்துவிட்டுத் திரும்ப அடித்தார். இல்லை என்றது. கோப்பை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டார். இல்லை என்றது. மேசையில் ஓங்கி அடித்தார். டீ டம்ளர் உருண்டது.

பிறகு, அச்சகத்தில் புரூஃப் பார்ப்பதுபோல், பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 'மெய்' கிடைத்திருக்கிறது. 'உயிர்' கிடைத்திருக்கிறது. 'சொல்' இல்லை, 'தொகை' இல்லை, 'போலி' இல்லை.

"கொம்பும் காலும் சேந்து வர்ற எழுத்து மட்டும்தான் தம்பி மாட்டுது."

பெயரில் எத்தனை குறிகள் இருக்கின்றன என்று கணினியையே எண்ணச் சொன்னார். நிரலில் இருந்த 'சொல்'லுக்கு நான்கு என்றது. மேக் வைத்திருந்த 'சொல்'லுக்கு ஐந்து என்றது. அவர் ஒரே குறியாக அடித்திருந்த ஒகரத்தை, அந்தப் பழைய மேக் கோப்புப் பெயராகச் சேமிக்கும்போது, கொம்பு தனி, கால் தனி என்று பிரித்து வைத்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு.

"அப்பப் பேரையெல்லாம் இங்கிலீஷ்ல மாத்திருங்கக்கா. சோலி முடிஞ்சது."

"தமிழுக்குன்னு ஒரு சாமான் செஞ்சுட்டு, தமிழ்ல பேரு வைக்கக் கூடாதாக்கும்? மாத்த மாட்டேன்."

ஒப்பிடும் முன் இரு பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி சேர்த்தார். ஒரே ஒரு வரி. ஓட்டினார். பில்ட் ஆனது. விண்டோஸில் வந்த கோப்போடு வைத்துப் பார்த்தார். அச்சுப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தது. ஜெயபாண்டி கைதட்டினார். முனீஸ்வரிக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்த ஒரு வரிக்கா இம்புட்டும் என்று ஆத்திரம்தான் வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மதுரை வரை தூங்கினார்.

அடுத்த வாரம், காய்கறி வண்டிக்காரரிடம் நின்றுகொண்டிருந்தபோது ஒப்புதல் வந்தது. வீட்டுக்குள் வந்து பாண்டியராஜனிடம் போனைக் காட்டினார்.

"அப்பாடா! இனிமே நிம்மதிதான?"

"எங்கங்க நிம்மதி? போன்ல இருக்குற பிரவுசர்லயும் வேணுமாம். அதுக்குள்ள ஒருத்தன் கேட்டுட்டான்."

கத்தரிக்காயைக் கூடையில் கொட்டிவிட்டு, கேட்டவர் யார் என்று பார்த்தார். எழுதியிருந்த இரண்டு வரியில் மூன்று ஒற்றுகள் விட்டுப்போயிருந்தன. முதலில் அவற்றைத் திருத்திப் பதில் போட்டார்.