ஜாபரின் கடைசி ஆல்பம் ஏன் வரவில்லை

ஜாபர் இறந்த செய்தி எனக்கு ஒரு கேள்வியாகத்தான் வந்தது. காலையில் மார்க்கெட் தெருவில் மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டிருந்தேன். நான் எழுதும் பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், ஜாபர் சாரை என்ன பாடகர்னு போடலாம்? ராக்கா, ஜாஸா? ஒரே வார்த்தைதான் சார், தலைப்புல இடம் இல்ல."

"அவரையே கேளும்மா. நல்லாத் திட்டுவாரு. அதுவே செய்தியாயிரும்."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார். விடியக்கால சுபுஹு தொழுகைக்கு அப்புறம் தவறிட்டாராம்."

நல்ல பெண். இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னார். பிறகு, "அப்ப ராக்குன்னே போட்டுடவா சார்?" என்றார். போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஜாபர் வாழ்நாள் முழுவதும் விட்டுக்கொடுக்காத ஒன்றை, அவரை அடக்கம் செய்வதற்கு முன்பே நான் விட்டுக்கொடுத்திருந்தேன்.

அவரை அறிந்தவர்களுக்கு அவர் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பினாங்கு சூலியா தெருவில் நாணயமாற்றுக் கடை வைத்திருந்தவரின் மகன். கணக்கியல் படிக்க இங்கிலாந்து போனார். கணக்கியல் தப்பித்தது. அங்கேயே குடியுரிமை வாங்கி, பாடகராகி, ஐந்து ஆல்பங்கள் வெளியிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பினாங்குக்குத் திரும்பி, சபியாவை மணந்து, பிறந்த தெருவுக்குப் பின்னாலேயே ஒரு மாடி வீட்டில் குடியேறினார். ஆறாவது ஆல்பத்தை இங்கே செய்தார்.

முதல் ஆல்பம் மின்கிதாரின் இரைச்சல். அது நன்றாக விற்றது. எனவே இரண்டாவதில் கிதாரே கிடையாது, தேவாலய ஆர்கன்தான். ஆர்கனுக்கென்று ஒரு கூட்டம் சேர்ந்ததைக் கண்டதும் மூன்றாவதை இயந்திரத் தாளத்தில் செய்தார். நான்காவதில் ஊதுகுழல்கள். ஐந்தாவதில், லீட்ஸ் நகரத்து டிரம்ஸ்காரர் ஒருவருக்கு நம் பள்ளிவாசல் தெருக்களில் கேட்கும் தஃப் அடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஆறாவது, கெரொன்சோங் என்ற பழைய மலாய் இசையின் வயலினும் குட்டிக் கிதாரும். ஒவ்வோர் ஆல்பம் முடிந்ததும் அதன் முக்கிய வாத்தியத்தை யாருக்காவது கொடுத்துவிடுவார்.

"ஒரு ஆல்பம் முடிஞ்சா அந்த வீட்டக் காலி பண்ணிரணும். சாவி கையில இருந்தா திரும்பிப் போகத்தான் தோணும்" என்பார். குட்டிக் கிதார் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்பதுதான் அதை எனக்குக் கொடுத்ததற்குக் காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

லண்டன் கடைகளில் அவர் ஆல்பங்கள் 'உலக இசை' என்ற அடுக்கில் இருந்தன. முதல் ஆல்பத்தில் அவர் பாடியது ஆங்கிலத்தில். உடன் வாசித்தவர்கள் அனைவரும் வெள்ளைக்காரர்கள். மற்ற அடுக்குகளில் இருக்கும் இசை எந்த உலகத்தில் தயாராகிறது என்று ஒரு கடைக்காரரிடம் கேட்டாராம். கடைக்காரர் மேலாளரை அழைத்தாராம். அங்குள்ள பத்திரிகைகள் அவரை 'மலேசியாவில் பிறந்த' என்றுதான் தொடங்கும். இங்குள்ளவை 'பிரிட்டிஷ் பாடகர்' என்று தொடங்கும். இரண்டு நாடுகளும் அவரை மற்ற நாட்டுக்கு மிகப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தன.

அதைவிடக் கொடுமை நாசி கண்டார் உவமை. பினாங்குக்காரர் பல இசைகளைச் சேர்த்தால், தட்டுச் சோற்றில் பல குழம்புகளைச் சேர்த்து ஊற்றும் நாசி கண்டாரோடு ஒப்பிடாமல் விட்ட நிருபரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இறந்த மறுநாள் வந்த கட்டுரைகளில் மூன்றில் அது இருந்தது. ஜாபர் உயிரோடிருந்தபோது ஒரு நேர்காணலில் இதற்குப் பொறுமையாகவே பதில் சொன்னார்: "தம்பி, கடைசியில சேர்த்து ஊத்துறதுக்கு ஒரு கரண்டி போதும். நான் ஒவ்வொரு தடவையும் அடுப்பையே மாத்துறேன்." அந்த நேர்காணல் 'இசையின் நாசி கண்டார்' என்ற தலைப்பில் வெளிவந்தது.

நான் அவரோடு நெருங்கியது ஆறாவது ஆல்பத்தின்போது. அட்டைக்குள் வைக்கத் தமிழில் ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார். உழைத்து நான்கு பக்கம் எழுதினேன். ஒரு கடையில் நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே தேநீர் குடித்துக்கொண்டே பென்சிலால் அடிக்கத் தொடங்கினார்.

"'கனவு போன்ற' இசையா? யாரோட கனவு?" ஓர் அடி. "'கிழக்கும் மேற்கும் கைகுலுக்கும்'... எங்க குலுக்குனாங்க, நீங்க பாத்தீங்களா?" இன்னோர் அடி. "'அபூர்வக் கலவை.' நான் என்ன சிமெண்டா லா?"

முடிவில் வாத்தியக்காரர்களின் பெயர்களும் 'ஜார்ஜ் டவுனில் பதிவுசெய்யப்பட்டது' என்ற வரியும் எஞ்சின. அதை மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"அது உண்மைதானே."

பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "கோவிச்சுக்காதீங்க. பாட்டுக்கு முன்னால வார்த்தைய நிறுத்துனா, ஜனங்க வார்த்தையக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாங்க" என்றார். நான் கோபித்துக்கொள்ளத்தான் செய்தேன். என் பெயரில் வெளிவந்தவற்றுள் யாரும் குறை சொல்லாத ஒரே எழுத்து அது என்பது வேறு விஷயம்.

அவரிடம் கோபிக்காதவர்கள் குறைவு. கெப்பாலா பத்தாஸில் ஒரு மண்டபத்தில் அவரைப் பாட அழைத்தார்கள். முதல் ஆல்பத்தின் பெயர் போட்ட சட்டையோடு, தொப்பை விழுந்த ஆண்கள் முன்வரிசையை நிரப்பியிருந்தார்கள். ஜாபர் யாரும் கேட்டிராத புதுப் பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினார். நான்காவது பாட்டில் ஒருவர் எழுந்துவிட்டார்.

"அண்ணே, பழசப் பாடுங்கண்ணே! அதுக்குத்தானே ஈப்போவுலேருந்து கெரெத்தா ஓட்டிக்கிட்டு வந்தோம்!"

"பழசு உங்க வீட்டுல இருக்கா?"

"இருக்குண்ணே!"

"அப்ப அது பத்திரமா இருக்கு. இத இப்ப விட்டா கேக்க முடியாது."

முன்வரிசை சாப்பிடப் போய்விட்டது. திரும்பி வரும் வழியில் நான் காரை ஓட்டிக்கொண்டே அவரைத் திட்டினேன். ஒரே ஒரு பழைய பாட்டு, மூன்று நிமிடம், யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். "அந்தப் பாட்டப் பாடுனவன் இருபத்தஞ்சு வயசுப் பையன். அவன மாதிரி வேஷம் போட்டா அவனுக்குத்தான் அவமானம்" என்றார். அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஈப்போவிலிருந்து வந்தவர்களின் முகங்களைப் பார்த்திருந்தால் நீங்களும் என் பக்கம் நின்றிருப்பீர்கள்.

ஏழாவது ஆல்பத்தை வீட்டு மாடியறையில் செய்தார். சுவரெல்லாம் லிட்டில் இந்தியாவில் வாங்கிய கனத்த திரைத்துணி. வாத்தியம் எதுவும் கிடையாது. அவருடைய குரல், மர மேசையில் விரல்களால் தட்டும் தாளம், அவ்வளவுதான். பதிவு முடிந்து லண்டன் நிறுவனத்துக்கு அனுப்பினார். முழுமையாக முடிவதற்கு முன் எந்த ஆல்பத்தையும் சபியாவுக்குப் போட்டுக்காட்ட மாட்டார். "பாதி வெந்ததை அவளும் எனக்குப் போடுறதில்ல" என்பார். இது வெளிவந்ததும் கேட்கலாம் என்று சபியாவிடம் சொல்லியிருந்தார். அதற்கு முன் ஜாபரின் இதயம் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்த இரண்டாவது வாரம் லண்டனிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. சபியாவின் தம்பி காசிம் என் முகவரியைக் கொடுத்திருந்தார். ஜாபரின் குரல் அற்புதமாக இருக்கிறதாம். ஆனால் இந்த வடிவில் வெளியிட வழியில்லையாம். எனவே டிரம்ஸும் கிதாரும் சேர்த்து, 'ராக்குக்குத் திரும்பிய ஜாபர்' என்று கொண்டுவர ஆசைப்படுகிறார்களாம். ஒப்பந்தப்படி ஜாபரின் சம்மதம் இல்லாமல் எதையும் மாற்ற முடியாது. இப்போது அந்தச் சம்மதம் சபியாவுடையது. சம்மதித்தால் ஆல்பம் வரும், இல்லையென்றால் வராது. இறந்த செய்தி ஆறிப்போவதற்குள் பதில் வேண்டும் என்பதை மிக நாகரிகமான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். ஜாபர் அனுப்பிய பழைய வடிவத்தையும் அவர்களுடைய புதிய வடிவத்தையும் மின்னஞ்சலோடு அனுப்பியிருந்தார்கள்.

சபியா இத்தாவில் இருந்தார். கணவரை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் துக்கம் காக்க வேண்டும். அந்த வீட்டில் ஓதும் சத்தம் உண்டு, பாட்டுச் சத்தம் கிடையாது. ஆக, அந்த ஆல்பத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டிய ஒரே மனிதரால் அதைக் கேட்க முடியாது. ஜாபருக்கு இந்த நிலைமை பிடித்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூடத்தில் நானும் காசிமும் உட்கார்ந்தோம். சபியா உள்ளறைக் கதவருகே அமர்ந்து பேசினார்.

"காதுல மாட்டிக்கிட்டுக் கேளும்மா. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியும்லண்ணே."

"அப்ப எப்படி முடிவு பண்றது?"

"நீங்க கேட்டுட்டு வந்து சொல்லுங்க. அதுக்குத்தானே உங்கள எழுத்தாளர்ங்குறாங்க."

காசிம் குனிந்து தரையைப் பார்த்தார். சிரிப்பை மறைக்க அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

திரும்பும் வழியில் காரை நிறுத்தி, அதிலேயே உட்கார்ந்து இரண்டு வடிவங்களையும் கேட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு மறுபடி போனேன். தன் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவிடாத ஜாபரின் வீட்டில் உட்கார்ந்து, பாட்டைப் பாட்டாக அல்லாமல் வார்த்தையாக மட்டும் கொடுக்க வேண்டிய வேலை.

"புதுசு எப்படிண்ணே இருக்கு?"

"பெரிய மழை மாதிரி டிரம்ஸ் அடிக்குது."

"அவரு?"

"பாடுறாரு."

"கேக்குதா?"

"கேக்குது. குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாடுற மாதிரி கேக்குது."

காசிம் குறுக்கிட்டார். "அக்கா, வரட்டும்க்கா. ஏதோ ஒரு மாதிரி வந்தாத்தானே மச்சான் பேரு நிக்கும்?"

"அவருக்குப் பேரு போதும். எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு வச்சிருக்காங்க" என்றார் சபியா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "அண்ணே, ஒரு பாட்டுக்கு நடுவுல நான் கத்துனேன். அது அதுல இருக்கா?"

இருந்தது. பழைய வடிவத்தின் நான்காவது பாட்டில், கீழேயிருந்து அவருடைய குரல் தெளிவாகவே கேட்கிறது: 'என்னங்க, சோறு ஆறுது! எத்தன தடவ கூப்பிடுறது?' அதைச் சொன்னேன். புதியதில் அழித்துவிட்டார்கள் என்றும் சொன்னேன்.

"அழிக்கட்டும். அன்னைக்கு நான் கெடுத்துட்டேன். பதிவு நடக்குதுன்னு தெரியாது. அதுக்கப்புறம் அவரு ரொம்ப நேரம் இறங்கி வரல. கோவம்னு நெனச்சு நான் ஒண்டியாச் சாப்பிட்டுட்டேன்."

என் காதில் விழுந்ததை மட்டும் சொன்னேன். "கோவம் மாதிரி தெரியலம்மா. நீங்க கூப்பிட்டதும் பாட்ட நிறுத்திட்டாரு. விரல் மட்டும் மேசையில தட்டிக்கிட்டே இருக்கு. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துட்டு, அப்புறம்தான் அடுத்த வரிய எடுக்குறாரு. அந்தப் பாட்ட மறுபடி பாடிப் பதிவு பண்ணியிருக்கலாம். பண்ணல. அதையேதான் லண்டனுக்கு அனுப்பியிருக்காரு."

காசிம் எழப் போனார், நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன்.

"புதுசுல அந்த எடம்?" என்று சபியா கேட்டார்.

"உங்க குரல எடுத்துட்டாங்க. அவரு காத்திருந்த எடம் அப்படியே இருந்துச்சு. வெறுமையா இருக்குன்னு அதுல டிரம்ஸ அடிச்சு நெரப்பிட்டாங்க."

"அப்ப வேணாம்னு எழுதிருங்கண்ணே."

"வராமலே போயிரும்மா."

"தெரியும். எழுதிருங்க."

எழுதினேன். லண்டனிலிருந்து உடனே பதில் வந்தது. குடும்பத்தாரின் உணர்வுகளை மதிக்கிறார்களாம். அதற்குப் பதிலாக, யாருடைய சம்மதமும் தேவைப்படாத பழைய பாட்டுகளைத் தொகுத்து வெளியிடப் போகிறார்களாம். அவர் நாற்பது ஆண்டுகள் பாட மறுத்த முதல் ஆல்பத்துப் பாட்டுதான் தொகுப்பில் முதலில் வருகிறது. ஈப்போக்காரர்கள் வாங்குவார்கள், அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. மற்ற எல்லார்மீதும் இருக்கிறது, ஜாபர்மீதும் சேர்த்து. ஓர் ஆல்பத்தையாவது அடுத்தவருக்கு எட்டுகிற உயரத்தில் வைத்திருக்கலாம்.

குட்டிக் கிதாரைத் தவிர, ஜாபரிடமிருந்து எனக்கென்று எஞ்சியிருப்பது அந்த ஏழாவது ஆல்பம். அதை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். இன்னும் சில வாரங்களில் இத்தா முடிகிறது. அந்த ஆல்பத்தோடு காரைக் கொண்டுவரும்படி காசிம் மூலம் சபியா சொல்லி அனுப்பியிருக்கிறார். அதுவரை மறுபடி போட்டுக் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன். ஜாபர் யாருக்காகப் பாட்டை நிறுத்திக் காத்திருந்தாரோ அவருக்கு முன்னால் நான் ஒரு தடவை கேட்டாகிவிட்டது. அதுவே அதிகம்.