ஐந்து பானைகளும் ஒரு பேயும்

1. தீபாவளிக்கு வந்த மாமா, ஹட்டனிலிருந்து ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியைக் கொண்டு வந்தார்.
2. அதில் நானும் அண்ணனும் ஆடினோம். நான் ஜெயித்தேன்.
3. மூன்றில் இரண்டு என்றார் மாமா. மறுபடியும் நான் ஜெயித்தேன்.
4. அண்ணன் ஹட்டனுக்குப் போனான்.

மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் ஏதோ விடுபட்டதாகத் தோன்றலாம். எதுவும் விடுபடவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. ஹட்டனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். எங்களில் ஒருவரைத் தன் வீட்டில் தங்கவைத்து டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கவைப்பதாகச் சொல்லியிருந்தார். இரண்டு பேருக்கு அங்கே இடமில்லை. இரண்டு பேருக்குமே போக ஆசை. கம்ப்யூட்டரை நான் அதுவரை பாடப்புத்தகப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இப்படி இழுபறி வந்தால் மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுத்தால் அதுதான் முடிவு. அம்மா அதைத்தான் செய்யச் சொன்னார்.

“எந்தக் காலத்துல இருக்கீங்க அக்கா? டிவியிலயே பாத்துருவோம். அதுவும் அதிர்ஷ்டந்தான்” என்றார் மாமா.

நான் மாமா பக்கம் சேர்ந்துகொண்டேன். பூவும் பொட்டலமும் எனக்கு வெட்கமாக இருந்தன.

திரையில் ஐந்து பானைகள். ஒன்றுக்குள் பேய். இருவரும் மாறி மாறித் திறக்க வேண்டும். பேய் இருக்கும் பானையைத் திறப்பவர் தோற்றவர். யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினான். இரண்டு ஆட்டத்திலும் பேய் அவனுக்குத்தான் வந்தது.

“சரி, அஞ்சுல மூணு” என்றார் மாமா.

நான் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தேன். “மாட்டேன் மாமா. முடிஞ்சிருச்சு.”

“என்ன பாப்பா, பயந்துட்டியா?”

“தோத்தவங்கதானே பயப்படணும்?”

அண்ணன் சிரித்துவிட்டான். மாமா சிரிக்கவில்லை.

“இது வெறும் குருட்டு அதிர்ஷ்டம். இத வச்சா ஒரு புள்ளயோட படிப்ப முடிவு பண்றது?”

“நீங்கதானே வச்சீங்க.”

“அக்கா, இவ வாயப் பாருங்க. இவள எப்படி என் வீட்ல வச்சுக்கிறது?”

அத்தோடு அண்ணனின் துணிகளை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டார். அம்மா எழுந்து போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்: “பூவ ரெண்டாந்தடவ கேக்க முடியாது தம்பி.”

இப்போதும் பூவைப் பற்றியா பேசுவது என்று எனக்கு அம்மா மீதுதான் கோபம் வந்தது. அம்மாவுக்குத் தன் தம்பியைத் தெரியும். சாமி முன்னால் அவரால் மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று என்று இழுத்துக்கொண்டே போக முடியாது. அம்மா எனக்காக வைத்திருந்த ஒரே பிடி அந்தப் பூப்பொட்டலம்தான். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

மறு வருடம் அம்மா யாரிடமும் கேட்காமல் என்னைத் தலவாக்கலையில் ஒரு டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். எங்கள் பக்கத்து ஸ்டேஷனான வட்டகொடையில் தினமும் ரயிலேறிப் போய் வந்தேன். இப்போது கொழும்பில் மென்பொருள் எழுதுகிறேன். அண்ணன் மாமாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறான். ஏதாவது சிக்கிக்கொண்டால் எனக்குத்தான் போன் பண்ணுகிறான். மூன்றாவது ஆட்டம் ஒன்று பாக்கி இருப்பதாக மாமா இன்னும் கிண்டல் செய்கிறார்.

பாக்கி எதுவும் இல்லை. இரண்டு ஆட்டம் நடந்தது. இரண்டிலும் நான் ஜெயித்தேன்.