ஒரு துளிப் பாயசம்

கனடாவின் மொன்றியல் நகரில் நாங்கள் போகும் கோயிலில் அன்னதானத்தின்போது பாயசம் பரிமாறுகிறவர் அவர். பெயர் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டி, காலில் தடித்த கம்பளிக் காலுறையோடு நிற்பார். யாராவது 'போதும்' என்றால் அவருக்குக் காது கேட்காது. இன்னும் ஓர் அகப்பை விழும்.

இரண்டாயிரத்தெட்டு வாக்கில் நான் ஒரு தமிழ்ச் செய்தித்தளம் நடத்தினேன். அச்சுப் பத்திரிகையில் இருந்தபோது இல்லாத ஒரு வியாதி அப்போது பிடித்தது: எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று எண்ணுவது. ஒரு ஞாயிறு பாயசம் முடிந்துபோனதை, 'மொன்றியல் கோயிலில் பேரதிர்ச்சி! பக்தர்கள் தவிப்பு!' என்று போட்டேன். பாரிஸிலிருந்தெல்லாம் பதறியடித்துக் கோயிலுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு வரிசையில் என்னைக் கண்டதும் பாயசம் பரிமாறுகிறவர், "எல்லாரும் வந்து பாருங்கோ! உலகத்திலை ஒருத்தரும் குடிச்சுப் பாக்காத பாயசம்!" என்று மண்டபம் அதிரக் கத்தினார். பிறகு என் கப்பில் ஒரே ஒரு துளி விட்டார்.

"என்ன அண்ணை இது?"

"உங்கட செய்தி, தம்பி."

வரிசை முழுதும் சிரித்தது. நானும்தான். அதன்பின் கப் வழிய வழிய ஊற்றினார்.

அன்றே தலைப்பை மாற்றினேன்: 'கோயிலில் பாயசம் முடிந்துவிட்டது.' அதன்பிறகு அதைத் திறந்து வாசித்தவர் ஒரே ஒருவர். அது அவராகத்தான் இருக்கும் என்று இன்றும் சந்தோஷமாக நம்புகிறேன்.