இழுவை லொறி நின்ற இடங்கள்

எந்த வாகனத்தில் ஏறினாலும் எனக்கு நிம்மதியாக இருக்க வராது. மருமகன் நல்ல பிள்ளை, புதிய கார் வைத்திருக்கிறார். நல்லூரிலிருந்து கீரிமலைக்குப் போகும்போது அவர் பாட்டுப் போடுவார். நான் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சின்ன விக்கல் ஒன்று கேட்டாலும், "பெற்றோல் மூடியைத் திறந்து பாத்தனீரோ?" என்பேன். "மாமா, இப்ப வாற காருகளிலை காபரேற்றரே இல்லை" என்பார். நான் காபரேற்றரைப் பற்றிக் கேட்கவில்லை, மூடியைப் பற்றித்தான் கேட்டேன் என்று சொல்ல வாய் உன்னும். சொன்னால் சித்தப்பாவின் லொறிக் கதை முழுவதையும் சொல்ல வேண்டிவரும். அதற்குள் கீரிமலை வந்துவிடும்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. கொழும்புத்துறையில் கடலேரிக் கரையோரம் ஒரு சிறிய வீட்டில் இருந்தார். வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன பழைய லொறி ஒன்றை வாங்கி, பின்பக்கத்தில் தண்டவாளத் துண்டுகளை முக்காலி போல நிறுத்தி, அதில் கொளுக்கியும் சங்கிலியும் தொங்கவிட்டிருந்தார். வாய்க்காலுக்குள் இறங்கிய லொறிகளையும் நடுவழியில் படுத்துவிட்ட பஸ்களையும் இழுத்துவந்து சேர்ப்பது அவருடைய தொழில். ஊரார் அதை இழுவை லொறி என்றார்கள். மாமி மட்டும் பிரேதவண்டி என்றார்.

மாமி அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா, கணவர் இல்லாதவர். நல்லூரில் பெரிய வீடு, கொடிகாமத்தில் தென்னந்தோட்டம், போய்வர ஒரு கார். எங்களுடையது மிஷன் பள்ளிக்கூடத்தால் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம். அப்பா அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சித்தப்பாவோ ஒருவரையும் கேளாமல் கீரிமலைப் பக்கத்துச் சைவப் பெண்ணொருவரைப் பதிவுக் கலியாணம் எழுதிக் கூட்டிவந்துவிட்டார். அவர்தான் சின்னம்மா. சின்னம்மாவை மதம் மாறும்படி அவரும் கேட்கவில்லை, சின்னம்மாவும் மாறவில்லை. மாமி சின்னம்மாவைத் தன் முன்வாசலால் ஏறவிடவில்லை. பின்வாசலால் ஏறச் சித்தப்பா விடவில்லை. ஆகவே சின்னம்மா அந்த வீட்டுக்குள் போனதே கிடையாது.

சின்னம்மா வந்த வருசத்து மாரிமழையில்தான் லொறிக்கு வருத்தம் வந்தது. வளவுக்குள் நிற்கும்போது பாடும். வெறுமனே சந்தைக்குப் போனால் போய் வரும். பின்னால் ஒரு வாகனத்தைக் கொளுவி இழுக்கத் தொடங்கினால் கொஞ்சத் தூரத்தில் இருமி, திக்கி, நின்றுவிடும். சித்தப்பா காபரேற்றரைக் கழற்றிப் பெற்றோலில் கழுவுவார். ஜெற்றுகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதுவார். செப்புக் கம்பி இழையை அவற்றின் துளைகளுக்குள் விட்டு எடுப்பார். மிதவையைக் காதருகே ஆட்டி, உள்ளே பெற்றோல் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பூட்டியதும் லொறி உடனே உறுமிக்கொண்டு எழும்பும். சித்தப்பா எங்களைப் பார்த்துச் சிரிப்பார். அடுத்த இழுவையில் மறுபடியும் நிற்கும். பாரம் இழுக்க மாட்டாத இழுவை லொறியை யார் கூப்பிடுவார்கள்?

மாமி ஞாயிறுப் பாடசாலையில் எங்களுக்குப் படிப்பித்தவர். சகுனம், நாள், கோள், கண்ணூறு எல்லாம் இருட்டில் இருப்பவர்களின் காரியம் என்று சொல்லித் தந்தவர். அவர்தான் சொன்னார்: "உவள் கால் வைச்ச நாள் துடக்கம் அந்த லொறிக்குச் சீவன் இல்லை. கால் ராசி அப்பிடி."

அந்தச் சொல் கொழும்புத்துறைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து, லொறியை விற்றுவிட்டுச் சின்னம்மாவுடன் வன்னிப் பக்கம் போகப்போவதாக அப்பாவிடம் சொன்னார். "அங்கை ஒருத்தரும் காலைப் பாத்துக் கதைக்க மாட்டினம், அண்ணை." அன்று இரவு அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மாமியின் கார் கொடிகாமத்தில் நின்றுபோனது அதற்கு அடுத்த சனிக்கிழமை. தேங்காய் பிடுங்குவதைப் பார்க்க மாமி போனார். அப்பா கார் ஓட்டினார், நானும் போயிருந்தேன். திரும்புகிற நேரம் கியர்ப்பெட்டிக்குள் ஏதோ முறிந்து, கார் முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. அப்பா பஸ்காரரிடம் சொல்லி அனுப்பினார். மத்தியானம் இழுவை லொறி வந்தது. முன் ஆசனத்திலிருந்து சித்தப்பாவோடு சின்னம்மாவும் இறங்கினார். கையில் துணியால் கட்டிய சட்டி. நாங்கள் பசியோடு இருப்போம் என்று பிட்டு அவித்துக் கொண்டுவந்திருந்தார்.

"எனக்குப் பசியில்லை" என்றார் மாமி, யாரும் கேட்பதற்கு முன்பே. பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "சின்னவா, உன்ரை பிரேதவண்டி இழுக்குமோ, இல்லாட்டி நாங்கள் அதையும் சேத்துத் தள்ளவேணுமோ?" என்று கேட்டார்.

"இழுக்கும் அக்கா."

"நிக்காமல் என்ரை வீட்டை கொண்டுபோய்ச் சேர். சேத்தியெண்டால் உன்ரை பெண்சாதி முன்வாசலாலை வரட்டும். நான் சொன்னால் சொன்னதுதான்."

சித்தப்பா சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா சட்டியைப் பார்த்தார்.

நான் லொறியில் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஏறிக்கொண்டேன். ஆயுத பூசைக்குச் சின்னம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் லொறியில் இன்னும் அழியாமல் இருந்தன. விளக்குகள் இரண்டிலும், சுக்கான் வளையத்தின் நடுவிலும், கதவுப் பிடிகளிலும், வெளியே பெற்றோல் தாங்கியின் மூடியிலும் பொட்டு. பெற்றோல் காட்டும் முள் எப்போதோ செத்துப்போனதால், புறப்பட முன் மூடியைத் திறந்து ஒரு பூவரசந் தடியை உள்ளே விட்டுப் பார்ப்பது சித்தப்பாவின் வழக்கம். மூடியின் பொட்டுக் கலையக்கூடாது என்று விளிம்பில் மட்டும் இரண்டு விரல் வைத்து, பூவைப் பிடிப்பதுபோலப் பிடித்துத் திறப்பார். அந்த முரட்டுக் கைகள் அப்படி நடந்துகொள்வதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

அன்றைக்கும் தடி விட்டுப் பார்த்தார். புறப்பட்டோம். பின்னால் சங்கிலியில் மாமியின் கார். அப்பா அதன் சுக்கானைப் பிடித்திருந்தார். மாமி பின் ஆசனத்தில் குடையை ஊன்றிக்கொண்டு இருந்தார். நான் வழக்கம்போலத் தந்திக் கம்பங்களை எண்ணினேன். ஐம்பதைத் தாண்டியதும் கொஞ்சம் துணிவு வந்தது. மீசாலை கழிந்து சிறிது தூரம் போனோம். லொறி இருமியது. சின்னம்மாவின் விரல்கள் சட்டியின் துணியை இறுக்கின. நின்றது.

சித்தப்பா குதித்து இறங்கினார். கழற்றினார், ஊதினார், பூட்டினார். தடியை விட்டுப் பெற்றோல் பார்த்தார். லொறி உறுமியது. சாவகச்சேரிச் சந்தையடியைக் கடந்து அதே அளவு தூரம் ஓடியதும் மறுபடி நின்றது. மறுபடி கழற்றி, ஊதி, பூட்டி, தடி விட்டு, புறப்பட்டோம். எனக்கு இருக்கை கொள்ளவில்லை. கம்பங்களை எண்ணினால் நிற்கும் என்று நினைத்து எண்ணாமல் இருந்து பார்த்தேன். கைதடியில் நின்றது.

மாமி காரின் கண்ணாடியை இறக்கினார். "சின்னவா, நான் ஒண்டும் சொல்லேல்லை. நான் வாயே திறக்கேல்லை. ஆனால் மாட்டு வண்டில் எங்களை முந்திக்கொண்டு போகுது, பாத்தியே?"

"அக்கா, ஜெற்றிலை தூசு."

"தூசோ? தூசு முந்தியும் இருந்தது. முந்தி இல்லாதது இப்ப என்ன இருக்கெண்டு யோசிச்சுப் பார்."

சித்தப்பாவின் முகம் கறுத்தது. அவர் கையிலிருந்த பூவரசந் தடியை ஓங்கித் தெருவோரத்து வயல் வெள்ளத்துக்குள் எறிந்தார். காபரேற்றரை மட்டும் கழற்றி ஊதிப் பூட்டினார். பெற்றோல் பார்க்கவில்லை, பார்ப்பதற்குத் தடி இல்லை. ஏறியதும் முன்னால் பார்த்தபடி, "நாளைக்கே விக்கிறன். நாளண்டைக்கு வன்னி" என்றார். சின்னம்மா, "என்னாலைதானே" என்றார்.

இந்த முறை லொறி அந்தத் தூரங்கூடப் போகவில்லை. நாவற்குழிப் பாலத்தின் நடுவில் நின்றது. இரண்டு பக்கமும் உப்புநீர், எதிரே ஒரு பஸ், பின்னால் ஒரு லொறி, சைக்கிள்கள். எல்லாரும் மணியும் கோர்னும் அடித்தார்கள். மழைக்கு முந்திய காற்று வீசியது. சித்தப்பா இறங்கவே இல்லை. சுக்கானில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார்.

அப்பா காரிலிருந்து இறங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்த பிள்ளையிடம் கேட்கும் அதே குரலில் கேட்டார்: "தம்பி, மற்ற நேரமெல்லாம் மூண்டு மைல் ஓடினது. இந்தமுறை ஏன் உடனை நிண்டது? என்ன செய்யாமல் விட்டனி?"

"ஒண்டும் விடேல்லை அண்ணை. கழட்டினன், ஊதினன், பூட்டினன்."

"பெற்றோல் பாத்தனியோ?"

"தடியை எறிஞ்சுபோட்டன்."

அப்பா நேரே தாங்கியின் பக்கம் போனார். சும்மா இருக்க முடியாமல் நானும் இறங்கி ஓடினேன். அப்பா மூடியைத் திருகித் திறந்தார். தாகத்தோடு இருந்தவன் முதல் வாய் தண்ணீரை இழுப்பதுபோல, தாங்கி 'ஸ்ஸ்' என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது.

அப்பா மூடியைக் கண்ணுக்கு அருகே பிடித்தார். அதன் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் கெட்டியாகக் காய்ந்திருந்தது, அதன்மேல் குங்குமம். காற்று உள்ளே போகாவிட்டால் பெற்றோல் இறங்காது, தடி விட மூடியைத் திறந்தபோதெல்லாம்தான் லொறி மூச்சு வாங்கியிருக்கிறது என்பது எனக்கு வெகு காலத்துக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் நிமிர்ந்து லொறியின் முன் ஆசனத்தைப் பார்த்தார். சின்னம்மா குனிந்த தலையோடு சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அப்பா சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். நாங்கள் யாரும் தொடக்கூடாத பேனை அது. அதன் முள்ளால் துளையிலிருந்த சந்தனத்தைத் தோண்டினார். முள் வளைந்தது. ஊதினார். மஞ்சள் துகள்களைக் கைலேஞ்சியில் துடைத்து, மடித்துப் பைக்குள் வைத்தார். மூடியைப் பூட்டினார்.

பிறகு குனிந்து, செருப்பைச் சரிசெய்வதுபோல, பாலத்திலிருந்து ஒரு மணற்கல்லை எடுத்தார். அதை நான் கண்டேன்.

"தம்பி, காபரேற்றரைக் கழட்டு. நான் ஒருக்காப் பாக்கிறன்" என்றார் உரத்த குரலில். சித்தப்பா மனமில்லாமல் இறங்கிக் கழற்றிக் கொடுத்தார். அப்பா அதை அப்படியும் இப்படியும் திருப்பினார். உள்ளே விரலை விட்டார். விரல் நுனியை உயர்த்திக்கொண்டு மாமியிடம் போனார்.

"அக்கா, கள்ளன் பிடிபட்டான். இஞ்சை பாருங்கோ. இந்தக் கல்லுத்தான் இவ்வளவு நாளும் உள்ளுக்கை உருண்டுகொண்டு திரிஞ்சிருக்கு."

மாமி மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதோ?"

"இதுதான். அண்டைக்குப் பட்டாளத்தான் வைச்சிருந்த காலத்திலை உள்ளுக்கை போனதாயிருக்கும். ஒருத்தற்றை காலாலும் வந்ததில்லை."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பொய் சொன்ன பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கிற மனிதர். மாமி என்னைப் பார்த்து ஏதும் கேட்டுவிடுவாரோ என்று லொறிக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

லொறி புறப்பட்டது. பாலம் கழிந்தது, அரியாலை கழிந்தது. சித்தப்பா காதைச் சாய்த்து இயந்திரத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். ஓரிடத்திலும் திக்கவில்லை. செம்மணி வளைவில் மாமி விடாமல் கோர்ன் அடிக்கச் சொன்னார் என்று அப்பா அடித்தார். சித்தப்பா பயந்து நிறுத்தினார். மாமி தலையை வெளியே நீட்டி, "எடி பிள்ளை, உந்தப் பிட்டுச் சட்டி ஆறிப்போச்சோ?" என்று கேட்டார். சின்னம்மா சட்டியோடு இறங்கி ஓடினார். மிச்சத் தூரம் மாமி இழுபட்டுக்கொண்டே சாப்பிட்டார். நல்லூரில் வீட்டு வாசலில் இறங்கியபோது, நான் சொன்னால் சொன்னதுதான் என்று இன்னொருமுறை சொல்லி, முன்கதவைத் தானே திறந்துவிட்டார். வழியில் லொறி நான்கு இடத்தில் இருமி நின்றதை நான் ஞாபகப்படுத்த வாயெடுத்தேன். அப்பா என் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

சித்தப்பா லொறியை விற்கவில்லை. வன்னிக்கும் போகவில்லை.

அடுத்த வருசம் ஆயுத பூசையன்று பின்னேரம் அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போனார். பூசை வீட்டுப் பக்கம் போகாத மனிதர் அன்று ஏன் போகிறார் என்று அம்மா கேட்டதற்கு, லொறியைப் பார்க்க என்றார். சித்தப்பா லொறியைக் கழுவி நிறுத்தியிருந்தார். சின்னம்மா வெண்கலக் கிண்ணத்தில் சந்தனத்தோடு விளக்குகளுக்கும் கதவுகளுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். அப்பா தாங்கியில் சாய்ந்து, மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து விசயங்களைச் சித்தப்பாவுடன் கதைத்துக்கொண்டு நின்றார். சின்னம்மா கிண்ணத்தோடு வந்து அவருக்குப் பக்கத்தில் காத்து நின்றார். அப்பா விலகவில்லை. சின்னம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பொட்டைத் தாங்கியின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த வருசமும் அப்படித்தான். அதற்கு அடுத்த வருசமும்.

மூன்றாவது வருசம் சின்னம்மா எனக்குக் கடலை தரும்போது மெதுவாகக் கேட்டார்: "கொப்பருக்கு எங்கடை சந்தனம் பிடிக்கிறேல்லை, என்ன?"

"ஓம்" என்றேன். அப்பா வேதக்காரர், கண்டிப்பானவர், வேறென்ன காரணம் இருக்கும்? மூன்று வருசமாக நானும் அதைத்தான் நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அங்கே அப்பா இன்னும் கதைத்துக்கொண்டே நின்றார். மற்றக் கையால் இலையான்களைக் கலைத்தார். மூடியின் மேலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை.