பெரியப்பா மிச்சப்படுத்திய மஞ்சள் டோனர்

மன்னார்குடியில் உள்ள என் பிரிண்ட் கடைக்குக் கலர் லேசர் பிரிண்டர் வாங்குமுன், எதில் பக்கத்துக்குச் செலவு குறைவு என்று வாரக்கணக்கில் ஒப்பிட்டேன்.

முதல் ஆர்டர் பெரியப்பாவுடையது. பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகை, பின்னணி முழுக்க மஞ்சள்.

"மஞ்சள் டோனரே காலியாயிடும் பெரியப்பா" என்றேன்.

இன்று வெற்றுத் தாள்களோடு வந்தார். நான்கு மூலையிலும் ஈர மஞ்சள்.

"உனக்கு டோனர் மிச்சம்மா. அடிச்சுக் குடு."

"ஈரத்தாள் போனா மெஷினே போயிடும், காஞ்சாலும் தூள் உதிரும். அடிச்சப்புறம்தானே மஞ்சள் தடவுவாங்க?"

"அதுக்கு? மஞ்ச வச்ச தாளத் தூக்கிப் போடச் சொல்றியா?"

சொல்ல முடியுமா?

அந்தத் தாள்களில் பத்திரிகையைப் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு மலிவான பிரிண்டர் எந்த ஒப்பீட்டிலும் இல்லை, கைதான் வலிக்கிறது.

மன்னார்குடிப் பக்கம் கையெழுத்து அழகாக உள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா?